பிஸ்கட் டப்பாவில் வந்த ரேடியோ

வால்வு ரேடியோவை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். சுவிட்சைப் போட்டுவிட்டு வால்வு சூடாகும்வரை காத்திருப்போம். வருடா வருடம் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டுவோம். ஆனால் லண்டன் செய்தி கேட்டதற்காக ஜெயிலுக்குப் போக வேண்டிய நிலை நமக்கு வந்ததில்லை. அந்தப் பயத்தோடு ரேடியோ கேட்டவர்களுக்கென்றே செய்த ஒரு பெட்டியைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. நம் புதுவை அந்த செப்டம்பரிலேயே ஜெனரல் தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டது. பிரான்சில் இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. லண்டன் பி.பி.சி.யின் பிரெஞ்சு ஒலிபரப்பைக் கேட்பது குற்றம். ஆனாலும் கேட்டார்கள். அதில் செய்திகளோடு, அர்த்தமில்லாதவைபோல் தோன்றும் சில வாக்கியங்களையும் வாசிப்பார்கள். அவை எதிர்ப்புப் படையினருக்கான உத்தரவுகள். 1944 ஜூன் 1ஆம் தேதி வெர்லேன் கவிதை ஒன்றின் தொடக்க வரிகள் வந்தன. 5ஆம் தேதி இரவு அடுத்த வரிகள் வந்தன. ரயில் பாதைகளைத் தகர்க்க அதுதான் சைகை. மறுநாள் விடியலில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கின. நாங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்த கவிதை அது!

ரகசிய வேலையில் செய்தி அனுப்புவதுதான் பேராபத்து. அலை எங்கிருந்து கிளம்புகிறது என்று ஜெர்மானியர் வண்டியில் சுற்றி மோப்பம் பிடித்துவிடுவார்கள். கேட்பவனை அப்படிப் பிடிக்க முடியாது. ஆகவே கேட்பதற்கு மட்டுமான சிறிய ரேடியோ ஒன்றை ஆங்கிலேயர் செய்தார்கள். பெயர் எம்.சி.ஆர்.1. ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் டப்பாவில் வைத்து அனுப்பியதால் 'பிஸ்கட் ரிசீவர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. சுமார் 10,000 பெட்டிகள் செய்தார்கள். விரல் பருமனில் 5 வால்வுகள். மாற்றி மாற்றிச் செருக 4 காயில் பெட்டிகள். 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கலாம். ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்போன் மட்டும். பக்கத்து அறைக்குக்கூடச் சத்தம் போகாது.

இதில் ஒன்றை 2018இல் நேரில் பார்த்தேன். என் பெரியப்பா மகன் சொல்தாவாகப் போய், சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, பாரிஸ் புறநகரில் வசிக்கிறார். பக்கத்து வீட்டு மூதாட்டி தன் தகப்பனாரின் பெட்டியை அவரிடம் கொடுத்திருந்தார். அண்ணன் அதை உடனே மின்சாரத்தில் செருகவில்லை. முதலில் காயில் பெட்டியின் முனைகளில் படிந்த பாசியைத் துடைத்தார். பழைய கண்டன்சர்கள் கசியும். அப்படியே மின்சாரம் கொடுத்தால் வால்வும் போய்விடும். ஆகவே பழைய கூட்டைக் குடைந்து, புதியதை உள்ளே வைத்து மூடினார். வெளியே பார்த்தால் 1944தான்.

இந்தப் பெட்டிக்கு 90 வோல்ட்டும் 7.5 வோல்ட்டும் வேண்டும். அந்த பேட்டரியெல்லாம் இப்போது ஏது? 9 வோல்ட் பேட்டரி பத்தைத் தொடராகக் கோத்தார். 7.5க்கு டார்ச் செல் ஐந்து. ஐந்து வால்வின் இழைகளும் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி ஒரே வரிசை. ஒன்று போனால் எல்லாம் அணைந்துவிடும். ஒன்று போயிருந்தது. அதே வால்வு போருக்குப் பின் லட்சக்கணக்கில் கையடக்க ரேடியோக்களில் வந்ததால் சுலபமாகக் கிடைத்தது.

துருவுக்கு எண்ணெய் மட்டும் தடவினார், பெயின்ட் அடிக்கவில்லை. டயல் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இருந்தது. "அதைத் துடைக்காதே தம்பி, அது அவர் கை" என்றார்.

அன்று மாலை நெடு அலை காயிலைச் செருகி, தோட்டத்துச் செடிகளின் மேல் ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டினோம். பிரெஞ்சு வானொலி இருந்த 162இல் மௌனம். பிரான்ஸ் ஆந்தேர் 2016 முடிவோடு நெடு அலையை நிறுத்திவிட்டது. முள்ளைப் பென்சில் கோட்டருகே கொண்டுபோனதும் லண்டன் கேட்டது. போர்க்காலத்தில் பி.பி.சி. பயன்படுத்திய 200 கிலோஹெர்ட்ஸ் 1988இல் 198 ஆனது. டயலில் அது மயிரிழை வித்தியாசம்தான்.

மாலுமிகளுக்கான வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. டோவர், வைட், போர்ட்லண்ட், பிளிமத் என்று கடல் பெயர்கள். ஹெட்போனை அந்த அம்மாளிடம் கொடுத்தோம். போர் முடிந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அப்பா இரவில் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். அவர் எதைக் கேட்டார் என்று மட்டும் தெரியாது. வானிலை முடியும்வரை அசையாமல் கேட்டார். பிறகு, "எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்திருக்கும்" என்றார்.

போர் வரலாற்றில் சுட்டவர்கள் பெயரும் செய்தி அனுப்பியவர்கள் பெயரும் இருக்கின்றன. கேட்டுவிட்டுச் சொன்னதைச் செய்தவர்கள் பெயர் பெரும்பாலும் இல்லை. சில இடங்களில் ஒரு பென்சில் கோடு மட்டும் மிஞ்சுகிறது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வால்வு ரேடியோ இருந்தால், பிளக்கில் செருகி உடனே சுவிட்சைப் போடாதீர்கள். விவரம் தெரிந்தவரை வைத்துக் கண்டன்சர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். டயலில் ஏதாவது அடையாளம் இருந்தால் துடைக்காதீர்கள்.