ஆதிமந்தி கதையின் முடிவு

அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டுதல் மரபன்று. ஆதலின் சங்க அகப்பாடல்கள் காதலின் ஒரு நிலையைக் காட்டுமேயன்றிக் கதையின் முடிவைக் கூறுவதில்லை. எனினும், உவமையின் வழியே பெயருடைய காதலர் சிலர் அங்குப் புகுந்தனர். அவருள் ஆதிமந்தியும் ஆட்டனத்தியும் குறிப்பிடத்தக்கவர்.

ஆட்டனத்தியைக் காவிரி வெள்ளம் கவர்ந்து சென்றது. அகநானூற்றின் 45ஆம் பாடலில் வெள்ளிவீதியாரின் தலைவி, காதலனை இழந்து அலமரும் ஆதிமந்தியைத் தன் துயருக்கு உவமையாக்குகிறாள். அங்கு அவள் தேடலுக்கு முடிவில்லை. 222ஆம் பாடலில் பரணர் முடிவு கூறுகிறார்: மருதி என்பாள் ஆட்டனத்தியைக் காட்டிக் கொடுத்துத் தான் கடலுள் புகுந்தாள்.

சிலப்பதிகாரத்து வஞ்சின மாலையில் கண்ணகி இக்கதையைக் கற்புடை மகளிர் வரிசையில் வைத்துரைக்கிறாள். அங்கு ஆதிமந்தி, பெயர் சுட்டப்படாமல், கரிகாலன் மகளாகிறாள். கடலே கணவனை அவள்முன் நிறுத்துகிறது. மருதி இல்லை.

கற்பின் ஆற்றலை நிலைநாட்ட வந்த காப்பியத்திற்கு மற்றொரு பெண்ணின் துணை வேண்டியதில்லை போலும். கதை இன்பமாய் முடிந்தது. அம்முடிவுக்குத் தன்னையே ஈந்தவள் கதையினின்றே மறைந்தாள். பாடப்பெறும் சிறப்பினள் எனப் பரணர் போற்றிய மருதியை நினைந்த பின்னரே அவ்வின்ப முடிவை நாம் பாராட்டுதல் தகும்.