கொல்லிமலை வீடுகளின் வாசல் தளம்

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மலைமேல் ஊர்கள் பெரும்பாலும் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கின்றன. அங்கு வீட்டு முன்வாசலுக்கும் வண்டி ஏறி இறங்கும் வழிக்கும் எந்தத் தளம் பொருந்தும் என்பதை மழை, சரிவு, வாசலில் காயும் விளைச்சல் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. நாமக்கல் சமவெளியில் கருங்கல் பதித்த வாசலில் சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாது. மலைமேல் அந்தச் சிக்கல் குறைவு. பாசியும் வழுக்கலும்தான் அங்கே பெரிய தொல்லை.

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய வீடுகளில் வாசல் மண்ணால் ஆனது. மண்ணை நனைத்து, இடித்துக் கெட்டித்து, சாணம் மெழுகுவார்கள். செலவில்லை, கீறல் விழுந்தால் வீட்டிலுள்ளவர்களே மறுபடி மெழுகிவிடலாம், மழைநீரில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே இறங்கும். சாமை, தினை, கேழ்வரகு காய இதுவே போதுமானதாக இருந்தது. மிளகும் காப்பியும் பணப்பயிர்களாகப் பெருகியபோது மண் வாசலின் குறை தெரிந்தது. மிளகின் ஈரம் 11–12 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும். தரையிலிருந்து ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும்; மண்ணும் சாணமும் ஒட்டினால் தரம் கெடும். மண் வாசலில் தார்ப்பாய் விரித்துக் காயவைப்பது இதற்கு எளிய மாற்று. வண்டிச் சக்கரத்தை மட்டும் மண் தாங்காது. ஒரே மழையில் தடம் பள்ளமாகிவிடும்.

விளைச்சல் உள்ள வீட்டுக்குச் சிமென்ட் கான்கிரீட் களம்தான் முதல் தேர்வு. கெட்டித்த தரைமேல் ஜல்லிப் படுகை இட்டு, 4 அங்குலக் கனத்தில் 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவை போடுவது வீட்டு வண்டிகளுக்கும் போதும். பத்தடிக்கு ஒரு வெட்டு விடாவிட்டால் கான்கிரீட் தானே தாறுமாறாக வெடித்துக்கொள்ளும். குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். மலையில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று இதைச் சுருக்குவது பெரிய தவறு. மேற்பரப்பு இடத்துக்கு இடம் மாற வேண்டும். காயவைக்கும் பகுதி, கூட்டி அள்ள வாகாக மேடுபள்ளமில்லாமல் இருக்கலாம். சரிவான வண்டிப்பாதையில், ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்கே வரி இழுத்துவிட வேண்டும்.

கொல்லிமலையின் உடலே சார்னோகைட் என்னும் கரும்பாறை. தேயாமல் தலைமுறைகளைத் தாங்கக்கூடிய கல் இது. ஆனால் பக்கத்துப் பாறையைத் தன் விருப்பத்துக்கு உடைத்துக்கொள்ள முடியாது. அதற்குக் கனிமவளத் துறையின் அனுமதி வேண்டும். வாங்கிப் பதிப்பவர்கள் கொத்திய பரப்போ, தீயில் வாட்டிய சொரசொரப்பான பரப்போ உள்ள கல்லைக் கேட்டு வாங்க வேண்டும். மெருகேற்றிய கிரானைட்டும் வழவழப்பான கடப்பாக் கல்லும் இந்த மழைக்கு ஆபத்தானவை. முதியவர்கள் உள்ள வீட்டு வாசலில் அவற்றைப் போடவே கூடாது.

பேவர் பிளாக் இன்று மலைமேலும் வந்துவிட்டது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 15658 நடைபாதைக்கு 50 மி.மீ., இலகுவான வண்டிப் போக்குவரத்துக்கு 60 மி.மீ. கனம் சொல்கிறது. 60 மி.மீ. கல் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் டன் எடை வரும். மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் இத்தனையும் ஏற வேண்டும் என்பதால், கீழே கேட்ட விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணலுக்கும் இதே கணக்குதான். பேவரின் உண்மையான வசதி, ஓரிடம் இறங்கினால் அந்தக் கற்களை மட்டும் பெயர்த்து மறுபடி பதிக்கலாம் என்பது. செங்குத்தான சரிவில் அடிமணல் நீரோடு அரித்துப் போகும். சுற்றிலும் கான்கிரீட் விளிம்பு கட்டாமல் பதித்தால் வரிசை மெல்லக் கீழே நகரும். இடுக்குகளில் மிளகு மாட்டிக்கொள்வதால் களத்துக்கும் இது ஆகாது. பேவருக்கு மாற்றாகச் சிலர் பதிக்கும் பார்க்கிங் டைல்ஸோ, அடியில் பொள்ளல் விழுந்தால் சக்கரம் ஏறியதும் உடையும்.

எந்தத் தளமானாலும் சுவரிலிருந்து வெளிப்புறமாக அடிக்குக் கால் அங்குல வாட்டம் வேண்டும். மேட்டுப்பக்கம் வரும் நீரை ஓடை வெட்டித் திருப்பிவிட வேண்டும். கீழ்வீட்டுக்காரரின் சுவர்மேல் பாயவிடக் கூடாது. தாங்குசுவர் கட்டினால் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விட வேண்டும்.

வாசல் முழுவதையும் ஒரே பொருளால் மூடுவது கொல்லிமலைக்கு ஏற்றதல்ல. காயவைக்கும் இடத்துக்குக் கான்கிரீட், சக்கரம் ஓடும் இரண்டு தடங்களுக்கு இரண்டடி அகலக் கான்கிரீட் பட்டைகள், மற்ற இடத்தில் மண்ணோ இடைவெளி விட்ட கல்லோ என்று பிரிப்பது செலவையும் குறைக்கும், நீரையும் மண்ணுக்குள் அனுப்பும். சரிவை வெட்டி மண் நிரப்பிய மனை என்றால், ஒரு மழைக்காலம் அந்த மண் இறங்கி அமையும்வரை பொறுத்து, அதன் பிறகே தளம் போடுங்கள்.