மூன்று மாதப் பேராசிரியர்

வருஷத்தில் மூன்று மாதம் வகுப்பு நடத்தினால் போதும், மற்ற ஒன்பது மாதமும் எங்கே வேண்டுமானாலும் போகலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஒரு கல்லூரி உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? நம்மில் பெரும்பாலோர் ஒன்பது மாதமும் நிம்மதியாகத் தூங்குவோம். 1888ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துக் கல்லூரியில் இப்படிப்பட்ட தாவர சாஸ்திரப் பேராசிரியர் பதவியை ஏற்றுக்கொண்ட மனிதர் தூங்கவில்லை. எடின்பரோ நகரத்தின் இடிந்த வீடுகளைச் செப்பனிட்டார்; தோட்டம் போட்டார்; பொருட்காட்சி நடத்தினார்; கடைசியில் தஞ்சாவூர்ச் சந்துகளில் வந்து நின்றார். அவர் பெயர் பாட்ரிக் கெடிஸ்.

1854இல் பிறந்த கெடிஸ், ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானியிடம் பாடம் கேட்டவர். ஆனால் பட்டம் ஒன்றும் வாங்கவில்லை. கல்லூரிப் படிப்பை முடிக்காத என்னைப் போன்றவர்களுக்கு இது ஒரு ஆறுதல்! இருபத்தைந்து வயதில் ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோவுக்குப் போனபோது கண்பார்வை மங்கியது. சில காலம் இருட்டறையில் கிடந்தார். பூதக்கண்ணாடி வைத்துச் சிற்றுயிர்களைப் பார்க்க வேண்டியவர், அதற்குப் பிறகு பெரியவற்றைப் பார்க்கத் தொடங்கினார். ஊர், ஆறு, மலை, மனிதர் என்று அவருடைய ஆராய்ச்சி விரிந்துகொண்டே போயிற்று.

ஆங்கிலத்தில் 'லாண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்' என்று ஒரு கலை உண்டு. நில வடிவமைப்புக் கலை என்று தமிழில் சொல்லலாம். பணக்காரர் பங்களாவில் புல்தரை போடும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை 1900இல் இதைத் தனிப் படிப்பாகத் தொடங்கிற்று. இன்று டில்லியிலும் சென்னையிலும்கூட இதற்குப் பட்டமேற்படிப்பு இருக்கிறது. கெடிஸின் காலத்தில் பிரிட்டனில் அந்தப் பெயரே புதிது. அதைத் தம் தொழிலின் பெயராக அங்கே முதலில் சூட்டிக்கொண்ட சிலரில் அவரும் ஒருவர். டன்பெர்ம்லின் என்ற ஊரில் ஒரு பூங்கா அமைக்க யோசனை கேட்டார்கள். 1904இல் அவர் கொடுத்ததோ பூங்காவையும் தாண்டி அந்த ஊர் முழுவதையும் பற்றிய ஒரு பெரிய புத்தகம்!

அவர் மாணவர்களுக்குக் கற்பித்த பாடங்களில் மிக முக்கியமானது ஒரு படம். மலையுச்சியிலிருந்து கடற்கரை வரை ஓர் ஆற்றின் வழியை நெடுக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்கும்? உச்சியில் சுரங்கம் தோண்டுகிறவன், அடுத்து மரம் வெட்டுகிறவன், வேடன், சரிவில் இடையன், அதன் கீழே ஏழைக் குடியானவன், சமவெளியில் வளமான விவசாயி, கடலோரத்தில் மீனவன். ஆற்றின் முகத்தில் நகரம். இந்தத் தொழில்கள் எல்லாம் சேர்ந்துதான் நகரத்தை உண்டாக்கின. ஆகையால் நகரத்தைத் திருத்த நினைப்பவன் மலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் கட்சி.

தமிழ் வாசகருக்கு இதைப் படிக்கும்போது ஒரு சிரிப்பு வரும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததைத்தானே இந்த வெள்ளைக்காரர் படமாகப் போட்டிருக்கிறார்!

இந்தப் படமும் இன்னும் பல நூறு படங்களும் அடங்கிய நகரப் பொருட்காட்சியோடு சென்னைக்கு வரும்படி, கவர்னர் பென்ட்லண்டு பிரபு கெடிஸை 1914இல் அழைத்தார். செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னையில் குண்டு வீசிய எம்டன் கப்பலின் பெயர் இன்றும் நம் பேச்சில் வழங்குகிறது. அதே எம்டன், அக்டோபர் மாதத்தில் 'க்ளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. கெடிஸ் ஆயுள் முழுவதும் சேர்த்த படங்கள் அதில் இருந்தன. எல்லாம் கடலுக்குப் போயின. வேறொருவர் என்றால் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார். நண்பர்கள் சீமையில் புதிதாகத் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு, 1915 தொடக்கத்தில் சென்னையில் பொருட்காட்சியைத் திறந்துவிட்டார் அவர்.

பிறகு மதுரை, தஞ்சை, கோயம்புத்தூர் என்று சுற்றினார். கால்நடையாகச் சந்து சந்தாக நுழைவார். நேர்கோட்டில் அகலமான சாலை போட நூறு வீடுகளை இடிக்க வேண்டும் என்று முனிசிபாலிட்டிக்காரர்கள் சொன்னால், இவர் இடிந்து கிடக்கும் நாலு வீட்டை மட்டும் அகற்றி, அங்கே ஒரு மரத்தை நட்டு, மற்றவற்றை அப்படியே விடச் சொல்வார். கைகாலை வெட்டாமல் நோயைத் தீர்க்கும் ரணசிகிச்சை என்று இதை வைத்துக்கொள்ளலாம். கொசுவுக்குப் பயந்து குளங்களைத் தூர்க்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் சொன்னபோது, குளத்தில் மீனும் வாத்தும் விடுங்கள், கொசு தானே போகும் என்றார். இதைக் கேட்டு நடந்திருந்தால் நம் ஊர்களில் எத்தனை குளங்கள் பஸ் ஸ்டாண்டு ஆகாமல் தப்பியிருக்கும்!

காஞ்சீபுரம் அவரை மயக்கிவிட்டது. இவ்வளவு விசாலமாகவும் ஒழுங்காகவும் திட்டமிடப்பட்டு இன்றளவும் பிழைத்திருக்கும் நகரம் வேறெங்கும் தமக்குத் தெரியாது என்ற கருத்தில் எழுதினார். தென்னாட்டின் பண்டைய நகர அமைப்பைப் பற்றி சி. பி. வேங்கடராமையர் 1916இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்கு முன்னுரை தந்தவரும் அவரே.

கெடிஸ் டண்டீயில் பதவியேற்ற மறு வருஷம், 1889இல், உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டார். 1915இல் கெடிஸின் படம் சென்னையில் சுவரில் தொங்கியபோது, ஐயரவர்கள் அதே சென்னையில் பிரஸிடென்ஸி கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு அது வழி சொல்கிறது. பன்றிக்கு வைத்த கற்பொறி உண்டு, பார்த்து நடங்கள். யானையை விரட்டக் கவண்கல் பறந்து வரும், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள். பாசிப் பாறை வழுக்கும், கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று மலையில் தொடங்கி, பால் தரும் ஆயர் குடிகளைக் கடந்து, சேயாற்றங்கரை வயல்களின் வழியாகத் தலைநகரில் கொண்டுபோய் விடுகிறது. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரமலை, ஜவ்வாது மலையை ஒட்டி நிற்கும் பர்வதமலையே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. சேயாறு பிறப்பது ஜவ்வாது மலையில்தான்.

சென்ற மழைக்காலத்தில் ஜமுனாமரத்தூரில் சில நாள் தங்கியிருந்தபோது, கெடிஸின் படத்தை மனசில் விரித்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்துகிறது. மேலே மலையாளிப் பழங்குடியினரின் சாமைக் கொல்லைகள், புளிய மரங்கள், தேன். சரிவில் ஆடு மாடு. கீழே செங்கம் முதல் சேயாறு நிரப்பும் ஏரிகள். பிறகு திருமுக்கூடலில் பாலாறும் வேகவதியும் சேயாறும் ஒன்றாகின்றன. பக்கத்திலேயே கெடிஸ் கொண்டாடிய காஞ்சி. வாயலூரில் கடல். ஒரே சரிவு, ஒரே குடும்பம்.

சாமைக் கொல்லையில் நின்ற ஒரு பெரியவரிடம், "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது, ஐயா?" என்று கேட்டேன்.

"கீழே போகுது. போகட்டும். கீழே இருக்கிறவங்க மேலே ஏறி வந்து கேக்கறதில்லையே," என்றார்.

அவர் சொன்னது சரித்திரம். 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் வந்தபின், காடுகள் ரிசர்வ் ஆயின. தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தவனே அத்துமீறி நுழைந்தவன் ஆனான். சந்தன மரம் திருப்பத்தூர்க் கிடங்குக்குப் போய் ஏலம் ஆயிற்று. கள்ளத்தனமாகவும் போயிற்று. இன்று ஒரு மலை மூன்று ஜில்லாக்களில் கிடக்கிறது. காடு ஓர் இலாகா, ஏரி ஓர் இலாகா, நகரம் ஓர் இலாகா. மலையின் வடபுறம் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்து, 1996இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளிக்கும்படி ஆயிற்று.

படத்தில் உச்சியில் நின்ற அந்த மரவெட்டி என்ன ஆனான்? கெடிஸின் பொருட்காட்சி நடந்து சரியாக நூறு வருஷம் கழித்து, 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, ஆந்திராவில் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்களைப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் உள்ள கிராமத்தவர் அவர்களில் இருந்தார்கள். தன் மலையில் பிழைப்பற்றுப் போனவன் பிறர் மலைக்குக் கூலிக்குப் போனான்.

கெடிஸ் இந்திய ஊர்களைப் பற்றிச் சுமார் ஐம்பது அறிக்கைகள் எழுதினார். பெரும்பாலானவை அலமாரியில் தூங்கின. 1917 ஒரே வருஷத்தில் மூத்த மகன் பிரான்ஸ் யுத்தகளத்திலும், மனைவி கல்கத்தாவிலும் மாண்டார்கள். அதற்குப் பிறகும் நடந்தார், எழுதினார். 1919 முதல் 1924 வரை பம்பாய் சர்வகலாசாலையில் சமூக சாஸ்திரப் பேராசிரியராக இருந்தார். 1932இல் பிரான்ஸில் காலமானார். அவர் நாட்டவரான இயான் மக்ஹார்க் பிற்பாடு பென்ஸில்வேனியாவில் நில வடிவமைப்புத் துறையைக் கட்டி வளர்த்து, நிலத்தின் மண், நீர், சரிவு, மரம் ஒவ்வொன்றையும் தனித்தனிப் படமாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

ஆனால் எத்தனை படங்களை அடுக்கினாலும், உச்சியில் நிற்கிற மனிதனைப் படத்திலிருந்து அழித்துவிட்டால் கீழே ஆறு நிலைப்பதில்லை. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் தம் கூத்தர்களை முதலில் மலைக்குடிகளின் வீட்டில்தான் தங்க வைக்கிறார். அரசனின் அரண்மனை அதற்கப்புறம்தான் வருகிறது.