எரிக் ‘விங்கிள்’ பிரவுன்

எரிக் மெல்ரோஸ் பிரவுன் (21 ஜனவரி 1919 – 21 பிப்ரவரி 2016) பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவில் பணியாற்றிய அதிகாரி, சோதனை விமானி. 487 வகை விமானங்களை ஓட்டியவர். விமானந்தாங்கிக் கப்பல்களின் தளத்தில் 2,407 முறை இறங்கியவர். இரண்டுமே உலக சாதனைகள். ஜெட் எந்திரத்தை மட்டுமே நம்பிய விமானம் ஒன்றை முதன்முதலில் கப்பல் தளத்தில் இறக்கியவரும் இவரே. 1970இல் கேப்டன் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

487 என்ற கணக்கை அவர் கறாராகவே வைத்திருந்தார். ஒரே விமானத்தின் மாற்று வடிவங்களைத் தனித்தனியாக எண்ணவில்லை. ஸ்பிட்ஃபயரிலும் அதன் கடற்படை வடிவமான சீஃபயரிலும் 14 ரகங்களை ஓட்டியிருந்தும் அவையெல்லாம் பட்டியலில் ஒன்றாகவே அடங்கின.

உயரம் ஐந்தடி ஏழங்குலம். சிறு கடல் நத்தையின் பெயரான ‘விங்கிள்’ என்பதைக் கடற்படைத் தோழர்கள் இவருக்குப் பட்டப்பெயராக வைத்தது அதனால்தான். அந்தக் குள்ள உடம்பு பின்னால் ஒருமுறை இவர் உயிரையே காப்பாற்றியது.

ஜெர்மனியும் இளமையும்

எடின்பரோவில் வளர்ந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழி பயின்றார். 1936 பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில், முதல் உலகப் போரில் புகழ்பெற்ற ஜெர்மன் விமானி எர்ன்ஸ்ட் ஊடெட் தம்மைச் சிறு விமானமொன்றில் ஏற்றிக் கரணம் போட்டுக் காட்டினார் என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். இறங்கியதும் ஊடெட் சொன்ன அறிவுரைகள் இரண்டு: விமானம் ஓட்டப் பழகு, ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொள். இரண்டையும் பிரவுன் ஏற்றார்.

1939 செப்டம்பரில் போர் மூண்டபோது அவர் ஜெர்மனியில் மாணவராக இருந்தார். கைதுசெய்து மூன்று நாள் காவலில் வைத்துவிட்டு, சுவிட்சர்லாந்து எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள். அவருடைய எம்.ஜி. காரையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஊர் திரும்பியவர் கடற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்தார்.

ஆடாசிட்டி

முதல் போர்க்களம் ஹெச்.எம்.எஸ். ஆடாசிட்டி. ஜெர்மனியரிடமிருந்து கைப்பற்றிய சரக்குக் கப்பல் ஒன்றின் மேற்கட்டுமானத்தை அகற்றி, மேலே தளம் போட்டு உருவாக்கிய சிறு விமானந்தாங்கி அது. விமானங்களை உள்ளே நிறுத்தக் கூடம் கிடையாது. உப்புக் காற்றும் மழையும் படத் தளத்திலேயே நின்றன. நீளம் 140 மீட்டர் அளவே. பிற்காலத்தில் எந்தக் கப்பலைப் பார்த்தாலும் பிரவுன் மலைக்காமல் இருந்ததற்கு, இந்தத் தளத்தில் தொழில் பழகியதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

ஜிப்ரால்டருக்குச் சென்றுவந்த வணிகக் கப்பல் அணிகளுக்குக் காவலாக அவர் மார்ட்லெட் சண்டை விமானத்தை ஓட்டினார். நான்கு எந்திரங்கள் கொண்ட ஃபோக்கே-வுல்ஃப் காண்டர் அன்று அந்தக் கப்பல்களின் பெரும் எதிரி. எங்கிருந்து அணுகினாலும் அதன் துப்பாக்கிகள் வரவேற்றன. நேருக்கு நேர் மூக்கைப் பார்த்துப் பாய்ந்தால் அதன் தற்காப்பு பலவீனமாக இருப்பதைப் பிரவுன் கண்டுகொண்டார். அப்படி இரண்டு காண்டர்களை வீழ்த்தியதற்குத்தான் 1942இல் வீரப் பதக்கம் கிடைத்தது.

ஆனால் 1941 டிசம்பர் 21 இரவில், நீர்மூழ்கியின் குண்டுகள் பாய்ந்து ஆடாசிட்டி மூழ்கிப்போனது. அட்லாண்டிக் குளிரில் பிரவுன் மணிக்கணக்கில் மிதந்தார். உடன் மிதந்தவர்கள் ஒவ்வொருவராக நினைவிழந்து நீரில் நழுவினார்கள். விமானிகளுக்கென்று கொடுத்திருந்த மிதவைச் சட்டை தலையை நீருக்கு மேலே நிறுத்தியதால் அவர் பிழைத்தார்.

ஃபார்ன்பரோ

கப்பல் தளத்தில் அநாயாசமாக இறங்குபவர் என்ற பேச்சு பரவ, அவரைச் சோதனைப் பணிக்கு அழைத்தார்கள். ஃபார்ன்பரோவிலிருந்த அரச விமான ஆய்வு நிலையம் அவருடைய உண்மையான களமாக அமைந்தது.

கப்பலில் இறங்குவதென்றால் என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தளம் முன்னே ஓடிக்கொண்டிருக்கும். அலையில் ஏறித் தாழும். விமானத்தின் வாலடியில் ஒரு கொக்கி தொங்கும். தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வடங்களில் ஒன்றை அது பற்ற வேண்டும். வேகம் கூடினால் வடம் தாங்காது. குறைந்தால் விமானம் இறக்கையின் பிடிப்பை இழந்து கடலில் விழும். நடுவே இருக்கும் இடைவெளி சில மைல் வேகந்தான்.

1944 மார்ச் 25 அன்று ஹெச்.எம்.எஸ். இண்டிஃபாட்டிகபிள் கப்பலில் அவர் இறக்கிய மஸ்கிட்டோ, இறக்கை விரிவு 16.5 மீட்டர் கொண்ட இரட்டை எந்திர விமானம். நிலத்தில் அது இறங்கும் வேகத்தைத் தடுப்பு வடங்கள் தாங்கா. முன்கூட்டியே நல்ல உயரத்துக்குப் போய், எந்திரங்களின் இழுவிசையில் தொங்கவிட்டபடி எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும், எந்தக் கட்டத்தில் கைமீறும் என்று படிப்படியாக அளந்து பார்த்த பிறகே அவர் கப்பலை நெருங்கினார். துணிச்சல்காரர் என்று அவரைப் பற்றி எழுதுவோர் இந்த அளவெடுப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அவர் வாழ்க்கையின் சாரமே அதில்தான் இருக்கிறது.

1945 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து வந்த சிக்கோர்ஸ்கி ஹெலிகாப்டர்களை எடுத்துவர அவரையும் இன்னொரு விமானியையும் லிவர்பூலுக்கு அனுப்பினார்கள். யார் கற்றுத்தருவார் என்று கேட்டபோது, அங்கிருந்த அமெரிக்கப் படையாள் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டு, கொஞ்ச நேரம் தரையை ஒட்டித் தடுமாறிப் பழகிவிட்டு, இருவரும் ஃபார்ன்பரோவுக்குப் பறந்தார்கள்.

1945

ஜெர்மனி சரிந்த மாதங்களில் அவருடைய மொழியறிவும் விமான அறிவும் ஒன்றுசேர்ந்து பயன்பட்டன. எதிரியின் ஜெட், ராக்கெட் விமானங்களைக் கைப்பற்றிச் சோதிப்பது பணி. டென்மார்க்கில் குரோவ் விமானத்தளம் பிரிட்டிஷ் வசம் வந்துவிட்டதென்று நம்பி இறங்கினார். தளம் இன்னும் ஜெர்மனியரிடந்தான் இருந்தது. தளபதியோ அவரிடமே சரணடைந்தார்.

பெர்கன்-பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்ட சில நாட்களில், ஜெர்மன் தெரிந்தவர் என்பதால் அங்கும் அழைக்கப்பட்டார். முகாம் தளபதி யோசெஃப் கிராமரையும் காவலாளி இர்மா கிரேசேயையும் விசாரிக்க உதவினார். அங்கே கண்ட பிணக் குவியல்களையும் நாற்றத்தையும் தொண்ணூறு வயதுக்குப் பிறகும் பொது மேடையில் சொல்லிவந்தார். மாணவப் பருவத்தில் தாம் விரும்பிய மொழியின் நாட்டில் நடந்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை, மறக்க விடவும் இல்லை.

ஜூன் 10 அன்று ஹூசும் தளத்தில், மேலதிகாரிகளின் அனுமதி பெறாமல் மெ 163 ராக்கெட் விமானத்தை எந்திரத்தை இயக்கியே ஓட்டினார். ஒன்றையொன்று தொட்டாலே தீப்பற்றும் இரு திரவங்களே அதன் எரிபொருள். புறப்பட்டதும் சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிடும். திரும்பும்போது அடிச்சறுக்கலில்தான் இறங்க வேண்டும். அதைத் தயார்செய்த ஜெர்மன் பணியாளர்கள், அவருக்கு ஏதும் நேர்ந்தால் தாங்கள் பொறுப்பல்ல என்று பிரவுனிடம் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே தீ மூட்டினார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று, ஹெச்.எம்.எஸ். ஓஷன் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் கொந்தளிப்பில் ஆடிக்கொண்டிருந்தது. தளத்தின் ஆட்டம் அதிகம், வர வேண்டாம் என்று கப்பல் செய்தி அனுப்பியபோது பிரவுன் புறப்பட்டாயிற்று. அவர் ஓட்டிவந்தது சீ வேம்பயர் ஜெட். பழைய விமானங்களில் எந்திரத்தை அடக்கியதும் முன்னால் சுழலும் விசிறியே காற்றைத் தடுத்து விமானத்தைக் கீழே அமர்த்திவிடும். ஜெட்டில் அந்த உதவி இல்லை. தவறினால் மீண்டும் எழும்ப விசையைக் கூட்டினாலும் எந்திரம் உடனே பதில் சொல்லாது. ஆகவே ஜெட்டுகள் கப்பலுக்கு உதவா என்று அன்று பலர் கருதினார்கள். பிரவுன் இறங்கிய பிறகு அந்தப் பேச்சு மெல்ல அடங்கிப்போனது.

ஒலியின் விளிம்பில்

ஒலியின் வேகத்தைத் தாண்டும் நோக்கில் மைல்ஸ் நிறுவனம் உருவாக்கிவந்த எம்.52 விமானத்தை ஓட்டும் வாய்ப்பு அவருக்கு வர இருந்தது. 1946 பிப்ரவரியில் அரசு திட்டத்தையே கைவிட்டது. 1947 அக்டோபரில் அமெரிக்கரான சக் யேகர் அந்த எல்லையைக் கடந்தார். அந்த இழப்பைப் பிரவுன் கடைசிவரை மனத்தாங்கலோடுதான் பேசினார். நியாயமான மனத்தாங்கலே அது.

1946 செப்டம்பரில் வாலில்லாத டி.ஹெச். 108 விமானம் வானில் சிதறி, அதை ஓட்டிய ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் இளையவர் இறந்தார். காரணம் அறிய அதே வகை விமானத்தில் பிரவுன் ஏறினார். குறிப்பிட்ட வேகத்தில் விமானம் வினாடிக்கு மூன்று முறை வீதம் மேலும் கீழுமாக வெறிகொண்டு உதறியது. இருக்கையைத் தாழ்த்தி வைத்திருந்ததாலும் ஆள் குள்ளம் என்பதாலும் தலை மேல்மூடியில் மோதவில்லை. முன்பே மனத்தில் ஒத்திகை பார்த்திருந்தபடி கட்டுப்பாட்டுத் தண்டையும் விசையையும் சேர்த்து மெல்லப் பின்னே இழுத்ததும் உதறல் நின்றது. கட்டப்பட்ட மூன்று டி.ஹெச். 108களும் விபத்தில் அழிந்தன. மூன்று விமானிகள் மாண்டார்கள்.

கவணும் கப்பலும்

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பட்டுக்சென்ட் ரிவர் சோதனை மையத்தில் பணிபுரிந்தார். நீராவியின் விசையில் விமானத்தைத் தளத்திலிருந்து எறியும் கவணைப் பிரிட்டிஷ் கப்பல் பெர்சியஸ் அமெரிக்கருக்குக் காட்ட வந்தது. ஃபிலடெல்ஃபியா துறையில் கப்பல் கட்டுண்டு நிற்க, காற்றும் பின்னாலிருந்து வீசியது. புறப்பாட்டுக்கு எதிர்க்காற்றுதான் வேண்டும். அமெரிக்கர் தயங்க, பிரவுன் அவர்களுடைய பாந்தர் ஜெட்டிலேயே ஏறி உட்கார்ந்தார். கவண் அவரைச் சுத்தமாக வானில் ஏற்றியது. அதன்பின் அமெரிக்கக் கப்பல்களும் நீராவிக் கவணுக்கு மாறின. 1961இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த முதல் விக்ராந்தும் இதே நீராவிக் கவணோடுதான் பெல்ஃபாஸ்டிலிருந்து வந்தது. 1971 போரில் சீ ஹாக் விமானங்கள் அதிலிருந்து புறப்பட்டன.

கடைசிப் பொறுப்புகளும் ஓய்வும்

1950களின் கடைசியில், ஒரு காலத்தில் தாம் எதிர்த்துப் போரிட்ட ஜெர்மனிக்கே போய், அதன் புதிய கடற்படை விமானப் பிரிவை நிறுவ உதவினார். லாசிமவுத் கடற்படை விமானத்தளத்துக்குத் தலைமையேற்றதே கடைசிப் பொறுப்பு. ஓய்வு பெற்றபின் பிரிட்டிஷ் ஹெலிகாப்டர் ஆலோசனைக் குழுவை நடத்தினார். 1982இல் அரச வானூர்தியியல் கழகத்தின் தலைவரானார்.

நிறைய எழுதினார். தன்வரலாறான ‘விங்ஸ் ஆன் மை ஸ்லீவ்’ பரவலாக வாசிக்கப்படுவது. விமானங்களைப் பற்றிய அவருடைய தொழில்நுட்ப மதிப்பீடுகளை நாம் அதைவிட உயர்வாக வைக்கலாம். எந்த விமானம் எந்த வேகத்தில் முரண்டுபிடிக்கும், விமானி அறையிலிருந்து எது தெரியும், எது தெரியாது என்பதையெல்லாம் நட்பு நாடு, எதிரி நாடு பாராமல் ஒரே தராசில் நிறுத்துச் சொல்கிறார். போர்க்கால விமானங்களை இத்தனை வகையாக ஓட்டிப் பார்த்து ஒப்பிட்டவர் வேறில்லை என்பதால் வரலாற்றாய்வாளர்கள் இன்றும் அவற்றை நாடுகிறார்கள்.

1994வரை விமானம் ஓட்டினார். 2014இல் பிபிசி வானொலியின் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ நிகழ்ச்சியின் 3,000வது ஒலிபரப்புக்கு இவரையே விருந்தினராகத் தேர்ந்தார்கள். 97ஆம் வயதில் காலமானார். எடின்பரோ விமான நிலையத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள்.