தாராவி: மீனவர் சிற்றூரும் தமிழர் குடியேற்றமும்

முன்னுரை

குடிசைப் பகுதி என்னும் பெயராலேயே பரவலாக அறியப்படும் மும்பைத் தாராவி, தொடக்கத்தில் ஒரு நெய்தல் நிலச் சிற்றூராகும். அதன் நில அமைப்பையும் குடியேற்ற வரலாற்றையும் இன்றைய நிலவுரிமைச் சிக்கலோடு இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நில அமைப்பு

பம்பாய் தனித்தனித் தீவுகளாக இருந்த காலத்தில், தாராவி அவற்றின் வட எல்லையில் மாகிம் கழியின் கரையில் அமைந்திருந்தது. ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணையால் 1737இல் கட்டப்பட்டதாகக் கல்வெட்டுக் கூறும் ரிவா கோட்டை, இவ்விடம் அன்று ஆங்கிலேயர் ஆட்சியின் எல்லையாக இருந்தமையைக் காட்டுகிறது. 1909ஆம் ஆண்டுப் பம்பாய் அரசிதழ்ச் சுவடி, தாராவியைப் பெரிய கோலிவாடாக்கள் ஆறனுள் ஒன்றாகக் குறிக்கிறது. 'கோலி' மீனவரையும் 'வாடா' குடியிருப்பையும் சுட்டும். 1805இல் சயான் கரைப்பாலமும் 1845இல் மாகிம் கரைப்பாலமும் அமைந்தன. கழியும் சதுப்பும் படிப்படியாகத் தூர்க்கப்பட, மீன்பிடித் தொழில் நலிந்தது. மேடான நிலத்தில் புதிய குடிகள் அமர்ந்தனர்.

தமிழர் குடியேற்றம்

நாற்றமுடைய தொழில்கள் நகருக்கு வெளியே ஒதுக்கப்பட்டமையாலும், அண்மையிலிருந்த பாந்திரா அறுப்புக்கூடத்திலிருந்து தோல் எளிதிற் கிடைத்தமையாலும் இங்குத் தோல் பதனிடுதல் வளர்ந்தது. முதல் தோல் பதனிடும் ஆலை 1887இல் தோன்றியது. இத்தொழிலை நாடித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தமிழ் முசுலிம்களும் ஆதிதிராவிடரும் வந்தனர். 1913இல் எழுந்த கணேசர் கோயில், அவர்கள் பிழைக்க வந்தவராக மட்டுமன்றி ஊர் அமைத்தவராகவும் வாழ்ந்தமைக்குச் சான்றாகும். சௌராட்டிரக் குயவர்களின் கும்பர்வாடாவும் இங்கே நிலைபெற்றது. நகரம் வடக்கே விரிய, எல்லையிலிருந்த ஊர் நடுநகரமாயிற்று. ஒதுக்கப்பட்ட நிலம் விலைமதிப்பு மிக்கதாயிற்று.

உரிமைச் சிக்கல்

2004இல் அரசு ஏற்ற மறுசீரமைப்புத் திட்டம் பல தடைகளைக் கடந்து, 2022இல் அதானி குழுமத்தின் ஒப்பந்தப்புள்ளி முதலிடம் பெற்ற பின் செயல்வடிவம் பெறத் தொடங்கியது. 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தமைக்குச் சான்று உடையோர்க்கே தாராவிக்குள் இலவச வீடு என்பது அதன் விதி. தங்கள் ஊர் குடிசைப் பகுதி அன்று, பழைய கிராமமே என்பது கோலியர் வாதம். நூறாண்டுக்கு முன் வந்த குடும்பத்தின் வழித்தோன்றலாயினும், மேல்மாடியில் வாழ்பவர் இவ்விதியின் பயனைப் பெறுவதில்லை.

முடிவுரை

ஓர் ஊரின் தொன்மை அதன் கோயில், பள்ளிவாசல், தொழில், இடப்பெயர் ஆகியவற்றில் பதிந்திருக்க, உரிமையோ தனிமனிதரின் ஆவணத் தேதியால் அளக்கப்படுகிறது. கட்டடங்கள் இடிபடுமுன் இச்சான்றுகளையும் முதியோர் வாய்மொழிகளையும் தொகுத்தல் தமிழாய்வுலகின் உடனடிக் கடமை எனலாம்.