தராசு காட்டாத குறை: தமிழகத்தில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் மழலைப் பருவ மேம்பாடும் (1975–2024)

முன்னுரை

வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தையை 'வளர்ச்சி குன்றிய குழந்தை' என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு அளவுகோல்படி, 2 வயது ஆண் குழந்தையின் நின்ற உயரம் 81 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது குன்றிய வளர்ச்சி. தாயின் இரத்தசோகை, பிறப்பு எடைக் குறைவு, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, ஆறு மாதத்துக்குப் பிறகும் நீர்த்த கஞ்சியோடு நின்றுவிடும் இணையுணவு எனக் காரணங்கள் பல. பெரும்பகுதி முதல் ஆயிரம் நாட்களுக்குள் நேர்ந்துவிடுகிறது. மூளை மிக வேகமாக வளர்வதும் அதே நாட்களில்தான். இந்த அரை நூற்றாண்டில் நம் திட்டங்கள் முதலில் எடையைப் பார்த்தன, பிறகு உயரத்தைப் பார்த்தன, குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு மிகப் பிந்தியே வந்தன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எடையின் காலம்

1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. தமிழகம் தன் பங்குக்கு 1980இல், உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் முன்னோடியாகத் தொடங்கியது. பின்னர் அது விரிந்த மாவட்டங்களுள் இராமநாதபுரமும் ஒன்று. இராசபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. 1985இல்தான் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் பிரிந்தது.

6 முதல் 36 மாதக் குழந்தைகளைக் குறிவைத்தது இத்திட்டத்தின் சிறப்பு. மாதந்தோறும் எடை போட்டு, அட்டையில் புள்ளி வைத்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். தேறிய குழந்தை பட்டியலிலிருந்து விலகும். வயதைச் சரியாகப் பிடித்தது திட்டம். ஆனால் கையில் இருந்தது தராசு மட்டுமே. குட்டையான குழந்தை தன் உயரத்துக்கேற்ற எடையோடு இருந்தால், பார்வைக்கும் பழுதில்லை, தராசிலும் பெரிய குறை தெரியாது.

1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் 2 வயது நிறைந்தவர்களையே மையத்துக்கு அழைத்தது. பசியை அது ஆற்றியது. பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்தது. உயரம் குன்றும் வயதோ அதற்குள் பெரும்பாலும் கடந்துபோயிருந்தது.

உயரத்தின் காலம்

2018இல் வந்த மத்திய அரசின் ஊட்டச்சத்து இயக்கமான போஷண் அபியான், குன்றிய வளர்ச்சியைக் குறைப்பதை இலக்காக வைத்தது. அளவுப்பலகை அங்கன்வாடிக்கு வந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்தே அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்தி நீட்டி, அடிப்பலகையைப் பாதத்தோடு சேர்க்க வேண்டும். கையாள் இல்லாமல் பணியாளர் ஒருவரே அளந்தால், காலை உதறும் குழந்தையிடம் ஒன்றிரண்டு செ.மீ. பிழை வருவது எளிது. குன்றிய குழந்தை கணக்கில் சேர்வதும் தப்புவதும் அந்தப் பிழையில் இருக்கிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியோர் 2015–16இல் 27.1 சதவீதம், 2019–21இல் 25. இந்திய அளவில் இதே காலத்தில் 38.4 சதவீதம் 35.5 ஆனது. நாட்டைவிட நாம் மேல் என்றாலும், நாலில் ஒரு குழந்தை என்பது சிறிய கணக்கல்ல.

சோறும் பேச்சும்

உயரம் குன்றிய குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு உணவு மட்டும் போதுமா? 1986–87இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், சாலி கிரந்தம்-மெக்ரிகர் குழுவினர் 9 முதல் 24 மாதம் வரையிலான, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குப் பால்மாவு, இன்னொன்றுக்கு வாரம் ஒரு மணி நேரம் வீடு தேடி வரும் பணியாளர், தாயோடு சேர்ந்து விளையாட்டும் பேச்சும், மூன்றாவதுக்கு இரண்டும், நான்காவதுக்கு எதுவுமில்லை. இரண்டு ஆண்டு முடிவில் இரண்டும் பெற்றவர்களே அதிகம் முன்னேறினர். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். உணவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நீடித்த பலன் தெரியவில்லை.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை 2010 முதல் தொடர்ந்து கவனித்து வந்தது. சிறுவயதிலேயே வளர்ச்சி குன்றியவர்கள் ஐந்து வயதில் அறிவுத்திறன் மதிப்பீட்டில் பின்தங்கியிருந்தனர். இது கூட்டத்தின் சராசரி. குட்டையாக இருக்கும் பிள்ளையெல்லாம் மந்தம் என்று யாரும் முத்திரை குத்த இடமில்லை.

முடிவுரை

விருதுநகர் மாவட்டத்தில், இராசபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டி, தளவாய்புரம் பகுதியில் நைட்டி தையல் பல குடும்பங்களின் பிழைப்பு. பீஸ் கணக்கில் தைக்கும் தாய்க்குப் பிள்ளை கண்ணெதிரே இருந்தாலும், நேரம் அவள் கையில் இல்லை. சத்துமாவுப் பொட்டலம் வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. பிள்ளையோடு பேச, விளையாட வழிகாட்டும் ஆள் வருவதுதான் அரிது. பிறப்பு முதல் மூன்று வயதுவரை இதற்கான தேசிய வழிகாட்டியான 'நவசேதனா' 2024இல்தான் வெளிவந்தது. விருதுநகரை 2018இலேயே முன்னேற விழையும் மாவட்டமாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அளக்க இரண்டாவது கையும், வாரம் ஒருமுறை வீட்டு வாசலுக்கு வரும் பயிற்சி பெற்ற பணியாளரும் ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வேண்டும். அதை இங்கிருந்தே தொடங்கலாம்.