குப்பைப் புகையும் உள்ளாட்சிச் சட்டமும்: திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் நகரங்களை முன்வைத்து

முன்னுரை

காவிரியின் தென்கரையில் திருச்சிராப்பள்ளியும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கமும் அமைந்துள்ளன. இவற்றின் நகராட்சி வரலாற்றைப் பேசும்போது குடிநீர், வடிகால், கொள்ளைநோய் ஆகியனவே முதலில் நினைவுக்கு வருகின்றன. குப்பையை எரிப்பதால் எழும் புகை அந்த வரிசையில் இடம்பெறுவது அரிது. புகையைத் தடுக்கச் சட்டம் இல்லாமையே இதற்குக் காரணம் எனக் கருத இடமுண்டு. ஆயின் சட்டம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அது யாரை நோக்கி இயற்றப்பட்டது என்பதே ஆராயத்தக்கது. நெடுங்காலம் அது தனிமனிதரையும் ஆலைகளையுமே நோக்கியது. ஊரின் குப்பையைத் திரட்டிக் குவித்த உள்ளாட்சி அமைப்பு அதன் பார்வைக்குள் வரவில்லை. இதனை மேற்கூறிய இரு ஊர்களின் வரலாற்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

புகைபோக்கியை நோக்கிய சட்டங்கள்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், அதன் 278ஆம் பிரிவில், பொதுமக்களின் உடல்நலத்துக்குக் கேடாகும் வகையில் காற்றைக் கெடுப்பதைக் குற்றமாக்கியது. அதற்கான தண்டனை அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம். அன்றைய நிலையில் அது பெருந்தொகை. ஆனால் 2024 சூலையில் பாரதிய நியாய சன்கிதா நடைமுறைக்கு வரும்வரை அத்தொகை மாறவேயில்லை. புதிய சட்டத்தின் 280ஆம் பிரிவு அதனை 1,000 ரூபாயாக உயர்த்தியுள்ளது.

புகைக்கெனத் தனியே இயற்றப்பட்ட சட்டங்கள் நிலக்கரியை எரித்த பெருநகரங்களுக்கு உரியவை. கல்கத்தா, ஹௌரா நகரங்களுக்கான 1863ஆம் ஆண்டுச் சட்டமும், 1905ஆம் ஆண்டின் வங்காளப் புகைத்தொல்லைச் சட்டமும், 1912ஆம் ஆண்டின் பம்பாய்ப் புகைத்தொல்லைச் சட்டமும் ஆலைப் புகைபோக்கிகளைக் கண்காணிக்க வந்தவையே.

1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் 1866இல் திருச்சிராப்பள்ளி நகராட்சி அமைந்தது. பின்னர் வந்த 1884, 1920ஆம் ஆண்டுகளின் மாவட்ட நகராட்சிச் சட்டங்கள் செங்கல் சூளை, சுண்ணாம்புக் காளவாய், தோல் பதனிடும் கூடம் போன்றவற்றுக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கின. நாட்டிலேயே முன்னோடியாகக் கருதப்படும் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், புகையைப் பொதுத்தொல்லைகளுள் ஒன்றாக எண்ணியது. எனினும் அங்கும் பேசப்பட்டவை உலைகளும் புகைபோக்கிகளுமே. உரிமம் வழங்குபவராகவும் தொல்லையை அகற்றுபவராகவும் நகராட்சி காட்டப்பட்டதே அன்றி, தொல்லைக்குக் காரணமாகக்கூடிய ஒன்றாக அது காட்டப்படவில்லை.

குப்பையின் தன்மை மாறியமை

தெருவிலிருந்து திரட்டப்பட்ட குப்பை நகராட்சியின் உடைமை என்பது நகராட்சிச் சட்டங்களின் பொதுவான நெறி. குப்பை பயன்தரும் பொருளாக இருந்த காலத்தில் இந்நெறி நகராட்சிக்கு வருவாயைத் தந்தது. சருகு, வைக்கோல், சாணம், சாம்பல், வாழையிலை ஆகியவையே அன்றைய குப்பையின் பெரும்பகுதி. சி. என். ஆச்சார்யா 1939இல் வகுத்த பெங்களூர் முறை, நகரக் குப்பையையும் மனிதக் கழிவையும் குழிகளில் அடுக்கி எருவாக்கும் வழியைக் காட்டியது. எருவாகிய குப்பை வயலுக்குச் சென்றது. அதனை எரிப்பது பொருளிழப்பு.

நெகிழிப் பைகளும் உறைகளும் பெருகியபின் இந்நிலை மாறியது. நெகிழி கலந்த எருவை உழவர் ஏற்பதில்லை. ஆகவே குப்பை விற்பனைப் பொருள் என்ற நிலையிலிருந்து விழுந்து, இடத்தை அடைக்கும் சுமையாயிற்று. அதன் அளவைக் குறைக்க எளிய வழி தீ. முன்பு எரிந்தது சருகு. இப்போது எரிவது நெகிழி. குறைந்த வெப்பத்தில் திறந்தவெளியில் எரியும் நெகிழி நுண்துகள்களையும் கார்பன் மோனாக்சைடையும் வெளியிடுகிறது. அதில் குளோரின் கலந்த பி.வி.சி. இருப்பின் டையாக்சின்களும் உருவாகின்றன.

அரியமங்கலம்

1994இல் திருவரங்கம், பொன்மலை ஆகிய நகராட்சிகள் திருச்சிராப்பள்ளியுடன் இணைக்கப்பட்டு மாநகராட்சி உருவானது. அதன் நான்கு கோட்டங்களின் குப்பையும் தஞ்சாவூர்ச் சாலையை ஒட்டிய அரியமங்கலம் கிடங்கில் கொட்டப்பட்டது. ஏறத்தாழ 47 ஏக்கர் பரப்புள்ள அக்கிடங்கு பல பத்தாண்டுகளின் குப்பையைத் தாங்கி மலையென வளர்ந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு இலட்சக்கணக்கானோர் கூடும் திருவரங்கத்து வீதிகள் மறுநாள் தூய்மையடைந்தன. அக்குப்பைக்கான விலையை நகரின் கிழக்கு எல்லையில் குடியிருந்தோர் செலுத்தினர்.

குப்பை மேட்டில் தீப்பிடிப்பதற்கு எப்போதும் ஒருவர் தீ வைத்தாக வேண்டியதில்லை. ஆழத்தில் காற்றின்றி மக்கும் குப்பை மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது. மக்கும்போது வெப்பமும் எழுகிறது. கோடையில் சிறு பொறியே போதுமானது. அணைந்ததுபோல் தோன்றும் தீ உள்ளே கனன்று பல நாள் புகையைக் கக்கும். மேலே ஊற்றும் நீர் அடிவரை செல்லாது. குப்பையைக் கிளறி மண்ணால் மூட வேண்டும். அரியமங்கலத்தில் இத்தகைய தீ பலமுறை மூண்டு, சுற்றுப்புறக் குடியிருப்புகளையும் நெடுஞ்சாலையில் செல்வோரையும் வாட்டியது. 2016ஆம் ஆண்டுத் தூய்மைக் கணக்கெடுப்பில் 73 நகரங்களுள் திருச்சிராப்பள்ளி மூன்றாமிடம் பெற்றபோதும் இக்கிடங்கு அங்கேயே இருந்தது. தெருவின் தூய்மையை மட்டும் அளப்பது நகரின் தூய்மையை முழுமையாக அளப்பதாகாது என்பதற்கு இது சான்று.

சட்டத்தின் திசை திரும்பியமை

1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், அதன் 19(5) பிரிவில், எரிபொருள் அல்லாத எப்பொருளையும் எரிப்பதை அறிவிக்கையின்வழித் தடைசெய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. மாசற்ற காற்று வாழ்வுரிமையின் பகுதி என்பதை உச்ச நீதிமன்றம் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உறுதிசெய்தது. 1996இல் அல்மித்ரா பட்டேல் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக வந்த 2000ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகள், குப்பையையும் சருகையும் எரிக்கலாகாது என்றன. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவை உருவாக்கும் ஒவ்வொருவருக்கும் இத்தடையை விரித்தன.

அவ்விதிகளின்படி, மீறுவோரிடம் அந்த இடத்திலேயே அபராதம் பெறும் பொறுப்பு உள்ளாட்சிக்கு உரியது. கிடங்கின் உரிமையாளரே அபராதம் விதிப்பவராயின் யார் அகப்படுவர்? போகியன்று பழம்பாயையும் டயரையும் எரிக்கும் வீட்டாரும், தெருமுனையில் சருகைக் கொளுத்தும் தூய்மைப் பணியாளருமே. கைவண்டி நிறைந்துவிட்ட நிலையில், சேருமிடம் தொலைவில் இருக்க, அப்பணியாளருக்குத் தீக்குச்சியே துணையாகிறது. ஆகவே அது தனிமனிதக் குற்றம் என்பதைவிடப் பணி ஏற்பாட்டின் குறை எனலாம்.

இந்நிலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22 அன்று அல்மித்ரா பட்டேல் வழக்கில் பிறப்பித்த ஆணை திருப்புமுனையாகும். குப்பைக் கிடங்குகள் உட்பட எங்கும் திறந்தவெளியில் எரிப்பதை அது தடைசெய்தது. சிறிய அளவில் எரிப்பதற்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்பதற்கு 25,000 ரூபாயும் சுற்றுச்சூழல் இழப்பீடாக விதித்தது. பொறுப்பாளிகளின் வரிசையில் நகர உள்ளாட்சி அமைப்பையும் அது சேர்த்தது. 1860இல் தொடங்கிய சட்ட வரலாறு எரிப்பைத் தடுப்பவரையே எரிப்புக்குப் பொறுப்பாளராகவும் கருத 156 ஆண்டுகள் தேவைப்பட்டன.

முடிவுரை

அரியமங்கலத்தில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் உயிரி அகழ்வுப் பணியும், நகரின் பல பகுதிகளில் நுண் உரமாக்கல் மையங்களும் பின்னர் வந்தன. இவை அபராதத்தால் விளைந்தவை அல்ல. எரியக்கூடிய குவியலையே குறைக்கும் ஏற்பாடுகள். உரமாக்கல் மையங்களின் வழி, குப்பையை எருவாக்கும் பழைய நெறிக்கு நகரம் மீண்டும் திரும்பியுள்ளது. அந்நெறி நிலைக்க, வீட்டிலேயே குப்பை பிரிக்கப்பட வேண்டும். பிரித்த குப்பை மீண்டும் ஒரே வண்டியில் கலக்கப்படாதிருக்கவும் வேண்டும். தேசியத் தூய காற்றுத் திட்டத்தின்கீழ் வந்த நகரங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. அத்திட்டத்தின் பயனை அளக்கும்போது, எத்தனை வீட்டார் அபராதம் கட்டினர் என்ற கணக்கோடு நின்றுவிடாமல், உள்ளாட்சியின் பொறுப்பிலுள்ள இடங்களில் எத்தனை முறை தீ மூண்டது, அதற்கான இழப்பீட்டை யார் செலுத்தினார் என்பனவும் பதிவாக வேண்டும். அத்தகைய பதிவு இருந்தால்தான் அரியமங்கலத்தில் வாழ்ந்தோர் மூச்சில் ஏற்ற புகை நகர வரலாற்றிலும் இடம்பெறும்.